சுங்கை சிப்புட்டிலிருந்து இஸ்தான்புல்: தரைவழியாகப் போக நினைப்பவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் நிலையத்தில் ஈடிஎஸ் மின்சார இரயிலில் ஏறும் நம்மவர்களில் பெரும்பாலோர் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகிறவர்கள். எதிர்த் திசையில் வரும் வண்டியில் ஏறினால் தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார். அங்கிருந்து பேங்காக், மேக்கோங் ஆறு, சீனா, கசக்ஸ்தான், ஜார்ஜியா என்று வண்டி மாறி மாறி இஸ்தான்புல் வரை போய்விடலாம். இரயில், பேருந்து, படகு மூன்றும் உண்டு. நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் விமானம் ஏறச் சொல்வேன். காரணத்தை அந்த இடம் வரும்போது பார்ப்போம்.

"ஹாட்யாய் வரை போயிருக்கிறேன், அதற்கு மேல் தெரியாது" என்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

முதல் வேலை: எல்லைகளை எழுதுங்கள்

புதிதாகக் கிளம்புபவர்கள் பார்க்க ஆசைப்படும் ஊர்களைப் பட்டியல் போடுவார்கள். ஊர் எங்கும் ஓடிவிடாது. இன்றைக்கு விட்டால் நாளைக்குப் பார்க்கலாம். பயணத்தைக் கெடுப்பதெல்லாம் எல்லைச் சாவடிதான். மூடியிருக்கும், மாலையோடு சாத்திவிடுவார்கள், பண்டிகை விடுமுறை என்பார்கள், உங்களிடம் இல்லாத தாள் ஒன்றைக் கேட்பார்கள். ஆகவே ஒரு நோட்டை எடுத்து இந்த ஐந்து எல்லைகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: பாடாங் பெசார் (மலேசியா–தாய்லாந்து), சியாங் கோங் (தாய்லாந்து–லாவோஸ்), போதென் (லாவோஸ்–சீனா), கோர்கோஸ் (சீனா–கசக்ஸ்தான்), சார்ப்பி (ஜார்ஜியா–துருக்கி). ஒவ்வொன்றுக்கும் எதிரே விசா வேண்டுமா, எத்தனை நாள் தங்கலாம், எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுகிறார்கள், கடிகாரம் எவ்வளவு மாறுகிறது என்று குறியுங்கள். ஊர்களை அதன் பிறகு இடைவெளியில் நிரப்பிக்கொள்ளலாம்.

விசா விஷயத்தில் மலேசியக் கடப்பிதழ் கைகொடுக்கும். தாய்லாந்து, லாவோஸ் இரண்டுக்கும் முன்கூட்டி விசா வேண்டாம். சீனாவுடன் செய்துகொண்ட விசா விலக்கு ஒப்பந்தம் 2025 ஜூலை 17 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு தடவைக்கு 30 நாள், எந்த 180 நாளை எடுத்தாலும் மொத்தம் 90 நாள். கசக்ஸ்தான் 30 நாள், ஜார்ஜியா ஓர் ஆண்டு, துருக்கி 90 நாள். கடப்பிதழில் குறைந்தது ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இவ்வளவு நீண்ட பயணத்துக்கு ஓர் ஆண்டு மிச்சம் இருந்தால்தான் நிம்மதி. இல்லாவிட்டால் ஈப்போவில் 200 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் புதுப்பித்துக்கொண்டு கிளம்புங்கள். விதிகள் மாறக்கூடியவை. அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் ஒவ்வொரு நாட்டுத் தூதரகத்தின் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

எப்போது கிளம்புவது

மெர்டேக்கா (ஆகஸ்ட் 31, சுதந்திர தினம்) முடிந்த கையோடு கிளம்புவதுதான் என் கணக்கு. செப்டம்பர் நடுவில் சீனாவுக்குள் நுழைந்து அக்டோபர் 1க்கு முன் வெளியேறிவிட வேண்டும். அன்றிலிருந்து ஒரு வாரம் அவர்களுடைய தேசிய தின விடுமுறை. இரயிலில் இடம் கிடைக்காது, எல்லை அலுவலகங்களின் நேரமும் மாறிவிடும். அக்டோபரில் கசக்ஸ்தானும் ஜார்ஜியாவும், பனி விழுமுன் துருக்கி. தீபாவளி வெளிநாட்டில்தான், வீட்டில் இதை முன்பே சொல்லிவிடுங்கள். தீபாவளி முடித்துக்கொண்டு போகலாம் என்றால் வடமேற்குச் சீனாவின் உரும்சியில் டிசம்பர் குளிர் காத்திருக்கும், கழித்தல் 20 பாகை சர்வ சாதாரணம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட தாய்லாந்திலும் லாவோஸிலும் காட்டையும் வயலையும் எரிக்கும் புகை. ஆற்றிலும் தண்ணீர் வற்றியிருக்கும்.

இரண்டு மாதமாவது கையில் இருக்க வேண்டும். ஒரு மாத விடுப்பில் இதைச் செய்யாதீர்கள். சீனாவின் குன்மிங் வரை போய் விமானத்தில் திரும்பி வாருங்கள், அதுவே நல்ல பயணம்.

இந்தியாவுக்குத் தரைவழியாகப் போக முடியாதா?

இந்தப் பேச்சை எடுத்தாலே நம் ஊரில் வரும் முதல் கேள்வி இது. பெரியவர்கள் "ரஜுலா கப்பல் இப்போது இல்லையா?" என்றும் கேட்பார்கள். ரஜுலா 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று நம் பாட்டன் பூட்டனை ஏற்றி இறக்கியது. 1970களின் தொடக்கத்தில் அது நின்றது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு பயணிகள் கப்பல் கதையும் முடிந்தது.

தரைவழி என்றால் பர்மா வழியாகத்தான். தாய்லாந்தின் மே சோட்டில் நுழைந்து தாமு வழியாக மணிப்பூரின் மோரே. மோரேயில் தமிழர்கள் இருக்கிறார்கள், அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கிறது. 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டவர்களில் சிலர், மறுபடி பர்மாவுக்கே நடந்து திரும்பப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு, அங்கேயே தங்கிவிட்டார்கள். போய்ப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு பர்மாவில் நடப்பது உள்நாட்டுப் போர். அந்தப் பாதையை இப்போது யார் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

பாடாங் பெசார்: ஒரு மணி நேரக் குழப்பம்

சுங்கை சிப்புட்டிலிருந்து பாடாங் பெசார் ஏறக்குறைய மூன்று மணி நேரம். இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சாவடியும் ஒரே நிலையக் கட்டடத்தில் இருக்கின்றன. பையை இழுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தால் வேலை முடிந்தது. தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டை கட்டாயம். போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். கட்டணம் கேட்கும் பக்கம் எதுவாயிருந்தாலும் மூடிவிடுங்கள்.

பேங்காக் போகும் படுக்கை வசதி இரயில் இங்கிருந்து மாலையில் கிளம்பும். அதன் நேரம் தாய்லாந்து நேரம், நம்மைவிட ஒரு மணி பின்னால். கைப்பேசி எந்த நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நாட்டு நேரத்தைக் காட்டும். எல்லையில் அது மாறி மாறிக் காட்டும். சீட்டில் உள்ள நேரத்தைக் கையில் எழுதிக்கொண்டு ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தை நம்புங்கள். கீழ்ப் படுக்கை அகலம், விலை சற்றுக் கூடுதல். மேல் படுக்கையில் விளக்கு முகத்துக்கு நேரே இருக்கும். பேங்காக் வண்டியில் இடம் இல்லையென்றால் ஹாட்யாய்க்குப் போகும் குட்டி இரயிலில் போய் அங்கிருந்து வேறு வண்டி பிடிக்கலாம்.

பேங்காக்கில் இப்போது நீண்டதூர வண்டிகள் நிற்பது பழைய ஹுவா லம்போங்கில் அல்ல. 2023 ஜனவரி முதல் குருங் தெப் அபிவத் என்ற பெரிய புது நிலையத்தில். இரண்டையும் குழப்பிக்கொண்டு பழைய நிலையத்துக்கு அருகில் விடுதி எடுத்துவிடாதீர்கள். இரவு வண்டியில் சுமார் 750 கிலோமீட்டர் போனால் சியாங் மாய், அங்கிருந்து பேருந்தில் சியாங் கோங்.

மேக்கோங்கில் இரண்டு நாள்

பேங்காக்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியந்தியானுக்கு 2024 ஜூலை முதல் நேரடி இரயிலே ஓடுகிறது. அவசரக்காரர்களுக்கு அது சரி. நான் படகைத்தான் சொல்வேன். இவ்வளவு நீண்ட பயணத்தில் உடம்பு முதல் வாரத்திலேயே அலுத்துப் போகும். இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து ஆற்றைப் பார்க்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

சியாங் கோங்கில் ஓர் இரவு தங்குங்கள். காலையில் நட்புப் பாலம் வழியாக லாவோஸ். பாலத்தில் நடந்து போக விடமாட்டார்கள், சாவடிக்கு உள்ளேயே சீட்டு வாங்கிச் சிறு பேருந்தில்தான் கடக்க வேண்டும். பாலம் ஊருக்கு வெளியே இருப்பதால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துக்துக் செலவு உண்டு. ஹுவாய் சாய் படகுத்துறையில் காலையிலேயே இருந்தால்தான் நல்ல இடம் கிடைக்கும்.

படகு நீண்டு ஒடுங்கியது. உள்ளே பழைய வேன்களிலிருந்து கழற்றிய இருக்கைகளைப் பலகை மேல் வைத்திருப்பார்கள். சில படகுகளில் அவை தரையோடு முடுக்கப்படவும் இல்லை, எழுந்தால் கூடவே வரும். இயந்திரம் பின்னால். அதன் பக்கத்தில் அகப்பட்டால் இரண்டு நாளும் காது இரையும், முன்னால் போய் உட்காருங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. படகில் விற்பது பெரும்பாலும் கப் நூடுல்ஸும் பியரும்தான். முதல் நாள் இரவு பாக் பெங் என்ற ஒற்றைத் தெரு ஊரில் தங்கல். அறை முன்பதிவு செய்யாமல் போனாலும் கிடைக்கும். இரண்டாம் நாள் மாலை லுவாங் பிரபாங் துறை. ஊர் அங்கிருந்து இன்னும் பத்துக் கிலோமீட்டர்.

அதே ஆற்றில் வேகப்படகும் உண்டு. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒரே நாளில் போய்விடலாம் என்பார்கள். பாறை நிறைந்த ஆற்றில் அந்த வேகம் வேண்டாம்.

சீனா

லாவோஸ்–சீனா இரயில் பாதை 2021 டிசம்பர் 3 அன்று திறந்தது. எல்லை தாண்டும் பயணிகள் வண்டி 2023 ஏப்ரல் 13 முதல். வியந்தியானிலிருந்து குன்மிங் 1,035 கிலோமீட்டர், நீங்கள் நடுவில் லுவாங் பிரபாங்கில் ஏறுவீர்கள். போதெனிலும் மோஹானிலும் எல்லாப் பைகளோடும் இறங்கி ஏற வேண்டும். பையை இருக்கைக்கு மேல் விட்டுவிட்டு இறங்க முடியாது. நிலையத்துக்குள் நுழையும்போதே சோதனை விமான நிலையத்தைப் போலத்தான். கொசு மருந்துத் தெளிப்பான், வாசனைத் தெளிப்பான், பழம் நறுக்கும் கத்தி எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போகும். ஓடோமாஸ் மாதிரிக் களிம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா கட்டிக் கொடுத்த கருவாடு, பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதையும் சீனச் சுங்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சீனாவில் இரயில் சீட்டு என்று தாள் எதுவும் தேவையில்லை, கடப்பிதழே சீட்டு. 12306 என்ற இரயில்வே செயலியில் கடப்பிதழில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள். இங்கேதான் நம்மவர்களுக்குத் தலைவலி. 'அ/லெ', 'அ/பெ' (இன்னாரின் மகன், மகள்) என்ற குறி நம் கடப்பிதழில் பெயரின் நடுவில் நிற்கும். சாய்வுக்கோட்டைச் செயலி ஏற்காது. கடப்பிதழின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரியில் பெயர் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள். எல்லா முன்பதிவுக்கும் அதே எழுத்துகளை வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு விற்பனை சுமார் இரண்டு வாரம் முன்தான் திறக்கும், அதனால் வீட்டில் இருந்தே எல்லாவற்றையும் வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

பணம்: சந்தையில் கீரை விற்கும் கிழவிகூடக் கியூஆர்தான் காட்டுவாள். அலிபே செயலியில் நம் வங்கி அட்டையை இணைக்கலாம். 200 யுவானுக்கு உட்பட்ட செலவுக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 விழுக்காடு. நம் டச் என் கோ மின்பணப்பையும் பல கடைகளில் வேலை செய்யும். கிளம்புமுன் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியில் திறந்துவிடுங்கள், மலேசிய அட்டைகளில் அது பெரும்பாலும் மூடியே இருக்கும். வாட்ஸ்அப்பும் கூகலும் சீனாவில் அடைப்பு. ஆனால் மலேசிய சிம்மில் ரோமிங் போட்டால் வரும். வீட்டோடு பேச அதுதான் சுலபம். பிரிபெய்ட் சிம் காலாவதி ஆகாமல் மாதாமாதம் பணம் ஏற்ற ஊரில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். எண் போனால் வங்கியும் போச்சு.

சாப்பாடு: மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனம். லான்சோ நூடுல்ஸ் கடைகள் ஹலால், ஆனால் அங்கே சாறே மாட்டெலும்பில் வைப்பது. கசக்ஸ்தானில் குதிரை இறைச்சி விருந்துச் சாப்பாடு. "மாடு, குதிரை, பன்றி வேண்டாம், முட்டை சரி" என்று சீனத்திலும் ரஷ்யத்திலும் அச்சடித்த ஓர் அட்டையைக் கடப்பிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். சுத்த சைவர்கள் புத்தக் கோயில்களை ஒட்டிய உணவகங்களைத் தேடலாம். இரயில் பெட்டி ஒவ்வொன்றிலும் கொதிநீர்க் குழாய் இருக்கும், கசக்ஸ்தான் வண்டிகளிலும் அப்படியே. வீட்டிலிருந்து எடுத்துப் போகும் மைலோ பொட்டலமும் மேகியும் அங்கே தங்கம். மூடி உள்ள எவர்சில்வர் கோப்பை ஒன்று போதும்.

குன்மிங், செங்டு, லான்சோ, உரும்சி என்று வெட்டி வெட்டிப் போங்கள். லான்சோ–உரும்சி அதிவேகப் பாதை மட்டும் 1,776 கிலோமீட்டர், கோபி பாலைவன ஓரமாக ஓடுகிறது. உரும்சி இருக்கும் சின்ஜியாங்கில் சோதனை அதிகம். நிலையம், விடுதி, கடைத்தெரு எங்கும் பையையும் கடப்பிதழையும் கேட்பார்கள். எல்லையில் கைப்பேசியை வாங்கிப் பார்ப்பதும் உண்டு. முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கோர்கோஸ், பிறகு அந்த ஒரு விமானம்

உரும்சியிலிருந்து இரவு இரயிலில் யினிங், அங்கிருந்து கோர்கோஸ். பேருந்து எல்லையைத் தாண்டிக் கசக்ஸ்தானின் ஜார்கெண்ட் ஊரில் கொண்டுபோய் விடும், அல்மாத்தி நகருக்கு வேறு வண்டி. இந்த ஓர் எல்லைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். இரண்டு பக்கமும் எல்லாரும் இறங்கி, வரிசை பிடித்து, ஏறி, மறுபடி இறங்கி. சீனா முழுவதும் பெய்ஜிங் நேரம், அது மலேசிய நேரமேதான். ஆனால் சின்ஜியாங் மக்கள் பேச்சில் இரண்டு மணி பின்தங்கிய உள்ளூர் நேரமும் உண்டு. "எட்டு மணி பேருந்து" என்றால் எந்த எட்டு என்று கேளுங்கள். கோட்டைத் தாண்டியதும் மூன்று மணி நேரம் பின்னால் போவீர்கள், கசக்ஸ்தான் 2024 மார்ச் முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வைத்திருக்கிறது. அலுவலகம் மூடும் நேரத்தை இந்தக் கணக்கோடு பாருங்கள்.

அல்மாத்தியில் ஒரு வாரம் ஓய்வெடுங்கள். நேரம் இருந்தால் தாஷ்கண்ட், சமர்கண்ட் போய் வரலாம், உஸ்பெகிஸ்தானும் நமக்கு 30 நாள் விசா இல்லாமல் விடுகிறது.

அடுத்து காஸ்பியன் கடல். பழைய வழிகாட்டிகள் கசக்ஸ்தானின் அக்தாவ் துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பலில் தொற்றிக்கொண்டு அசர்பைஜானின் பாகு போகச் சொல்லும். அசர்பைஜான் 2020இல் தொற்றுக்காக மூடிய தரை, கடல் எல்லைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறக்காமல் தவணை தவணையாக நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறது. வடக்கே ரஷ்யா சுற்றிப் போகலாம், மலேசியர்களுக்கு மின்விசாவும் தருகிறார்கள். ஆனால் 2022 மார்ச் முதல் விசா, மாஸ்டர்கார்ட் வங்கி அட்டைகள் இரண்டும் அங்கே வேலை செய்வதில்லை. கத்தைப் பணத்தோடு போர் நடக்கும் நாட்டைக் கடப்பது முதல் பயணத்துக்கு உரியதல்ல. தெற்கே ஈரான் வழியையும் இன்றைய நிலையில் சொல்ல மாட்டேன். அல்மாத்தியிலிருந்து ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசிக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஏறுங்கள். "முழுக்கத் தரையிலேயே போனேன்" என்று சொல்லிக்கொள்ள முடியாதே என்று சிலர் வருத்தப்படுவார்கள். அந்தப் பெருமைக்காகத் துறைமுகத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

ஜார்ஜியாவிலிருந்து இஸ்தான்புல்

இங்கிருந்து எல்லாம் சுலபம். திபிலிசியிலிருந்து பத்துமிக்கு இரயில் ஐந்து மணி நேரம். பத்துமியிலிருந்து சிற்றுந்தில் சார்ப்பி. கருங்கடலை ஒட்டிய அந்த எல்லையை நடந்தே கடக்கலாம். அந்தப் பக்கம் ஹோப்பா, பிறகு திராப்சோனுக்குப் பேருந்து.

துருக்கிப் பேருந்துகள் நம் விரைவுப் பேருந்துகளைவிட ஒரு படி மேல். உதவியாளர் தேநீர் தருவார், கையில் எலுமிச்சை மணக்கும் கொலோனியா ஊற்றுவார். முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் அடுத்தடுத்து உட்கார வைக்க மாட்டார்கள். தனியே போகும் பெண்களுக்கு இது வசதி. சிவாஸ் போய்ச் சேர்ந்தால் அங்காராவுக்கு 2023இல் திறந்த அதிவேக இரயில் உண்டு, அங்காராவிலிருந்து இஸ்தான்புல்லுக்கும் அதேபோல. சீட்டு வாங்கும்போது கடைசி நிலையம் வரை வாங்காமல் ஆசியப் பக்கத்தில் உள்ள சோயுத்லுசெஷ்மே வரை மட்டும் வாங்குங்கள். அங்கிருந்து காடிக்கோய் படகுத்துறை நடக்கும் தூரம். இஸ்தான்புல்கார்ட்டைத் தட்டிவிட்டு எமினோனு படகில் ஏறினால் இருபது நிமிடத்தில் ஐரோப்பா. உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போகும் படகு அது, கட்டணமும் பேருந்துக் கட்டணம் மாதிரித்தான். 2013இல் திறந்த மர்மராய் இரயிலில் கடலுக்கு அடியிலும் போகலாம். ஆனால் கண்டம் மாறுவதைச் சுரங்கத்துக்குள் என்னத்தைப் பார்ப்பது!

மருந்தும் காப்புறுதியும்

சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு அரசாங்க கிளினிக்கில் மாத்திரை எடுப்பவர்கள் பயணத் தேதியை இரண்டு மாதம் முன்பே சொல்லி, எவ்வளவு மருந்து கூடுதலாகத் தர முடியும் என்று கேளுங்கள். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் வாங்குங்கள். மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் பெயர் ஒட்டிய உறையிலேயே வைத்திருங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தை எந்த எல்லைக்கும் கொண்டுபோகக் கூடாது. காப்புறுதி வாங்கும்போது ஒரே பயணத்துக்கு எத்தனை நாள் வரை காப்பு என்று கேளுங்கள். ஆண்டுக் காப்புறுதி பலவற்றில் ஒரு பயணத்துக்கு 90 நாள்தான் உச்சவரம்பு.

அதற்கும் அப்பால்

இஸ்தான்புல்லில் காசும் நாளும் மிச்சம் இருந்தால் ஹல்கலி நிலையத்திலிருந்து பல்கேரியத் தலைநகர் சோபியாவுக்கு இரவு இரயில். கப்பிக்குலே எல்லையில் நடுநிசியில் எழுப்பி இறக்குவார்கள். காலணியும் மேல்சட்டையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பல்கேரியா 2025 ஜனவரி 1 முதல் தரைவழியிலும் முழு ஷெங்கன் (ஐரோப்பாவின் பொது நுழைவு வட்டம்) நாடு. நம் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள் என்ற கணக்கு அந்த இரவிலேயே ஓடத் தொடங்கும். புது முறையில் முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். கடப்பிதழைப் புரட்டினால் நுழைந்த தேதி தெரியாது, நோட்டில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.